வஹகோட்டையும் மூளைக் கலமும்: விஞ்ஞான வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

விஞ்ஞான வரலாறு மேலைநாட்டு ஆய்வுகூடங்களுக்கே உரியது என்னும் கருத்து நம்மிடையே இன்றும் நிலவுகின்றது. மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை அதனை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது. அங்குள்ள கத்தோலிக்கர் பலர், கண்டி இராச்சியத்தில் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தோர் என்பது மரபு. அதே இராச்சியத்தில், இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில், 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்தவர் ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ். தப்பிச்சென்ற அவர் இலங்கை பற்றி எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தபோது, முன்னுரை வழங்கியவர் விஞ்ஞானி றொபேட் ஹூக்.

1665இல் நுணுக்குக்காட்டியால் தக்கையை நோக்கி, அதன் நுண்ணறைகளைக் 'கலம்' எனப் பெயரிட்டவர் ஹூக். வில்லின் நீட்சி விசைக்கு விகிதசமமானது என்னும் விதியை 1678இல் வெளியிட்டவரும் அவரே. அவ்விரண்டும் ஒன்றிணைய மூன்று நூற்றாண்டுகள் சென்றன. 1986இல் பின்னிக், குவேற், கேர்பர் ஆகியோர் அறிமுகஞ்செய்த அணுவிசை நுணுக்குக்காட்டியில் மெல்லிய தகடொன்று பொருளைத் தொட்டு வளைகின்றது. வளைவைக்கொண்டு ஹூக்கின் விதிப்படி விசை கணிக்கப்படுகின்றது.

மூளையில் நரம்புக்கலங்களைச் சூழ்ந்துள்ளவற்றுக்கு 19ஆம் நூற்றாண்டில் விர்ச்சோ இட்ட பெயர் 'கிளியா', அதாவது பசை. 2006இல் லைப்சிக் ஆய்வாளர் உயிருள்ள கலங்களை இவ்வகைக் கருவியால் அளந்தபோது, கிளியாக் கலங்கள் அயலிலுள்ள நரம்புக்கலங்களிலும் மென்மையானவை எனக் கண்டனர். அவை பசையோ தாங்குசட்டமோ எனக் கொண்ட பழைய கருத்து இதனால் தளர்ந்தது.

பெயர் ஊகத்தாற் பிறக்கலாம்; அதனைச் சோதிப்பது அளவீடு. கைதியொருவரின் அனுபவத்தையும் அறிவின் மூலமாக ஏற்றார் ஹூக். வஹகோட்டையின் வாய்மொழி மரபையும் நாம் புறக்கணிக்கலாகாது; ஆராயாது ஏற்றலும் ஆகாது.