சிப்புக்கு ஊர் தெரியாது

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான தொல்லைதான் இது. போன வாரம் இணைய நேரச் சரிபார்ப்பை ரெண்டிலும் நிறுத்திவிட்டு, லினக்ஸில் மாலை 6 மணிக்கு மதர்போர்டு கடிகாரத்தில் நேரத்தை எழுதவைத்தேன். உடனே விண்டோஸுக்குப் போனால் பகல் பன்னிரண்டரை! பேட்டரி போச்சுன்னு நிறைய பேர் மாத்திடுறாங்க. பேட்டரி மேல் தப்பே இல்லை. இந்திய நேரத்துக்கும் யுடிசிக்கும் உள்ள ஐந்தரை மணி நேரம்தான் அது.

காரணம் பழசு. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் பேட்டரியில் ஓடும் கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு தடவை போடும்போதும் டாஸ் தேதியும் நேரமும் கேட்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அடிப்போம். 1984-ல் பிசி ஏடி-யில் மோட்டோரோலாவின் எம்சி146818 சிப் வந்தது. அதில் ஆண்டுக்கே இரண்டு இலக்கம்தான். எந்த ஊர் நேரம் என்று குறிக்க இடமே இல்லை. டாஸுக்கும் நேர மண்டலம் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் சுவர் மணியே சிப்பில் ஏறியது. பின்னால் வந்த விண்டோஸும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

யூனிக்ஸ் பலர் பகிர்ந்துகொள்ளும் இயந்திரத்தில் வளர்ந்தது. உள்ளே 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணும். ஊர்க் கணக்கெல்லாம் திரையில் காட்டும்போதுதான். லினக்ஸ் சிப்பிலும் யுடிசி வைக்க விரும்புவது இந்த மரபில் வந்தது.

அந்த சிப்பில் அமெரிக்கக் கோடைகால நேர விதி மட்டும் இருந்தது: ஏப்ரல் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் கூட்டு, அக்டோபர் கடைசி ஞாயிறு குறை. 1987-ல் அமெரிக்கா தொடக்க நாளை ஏப்ரல் முதல் ஞாயிறுக்கு மாத்திடுச்சு. சிலிக்கானில் செதுக்கிய விதியை யார் திருத்துவது?

கோப்புத் தேதியைச் சான்றாக எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். ஃபேட் பென் டிரைவ் உள்ளூர் மணியை எழுதும். என்டிஎஃப்எஸ் யுடிசியை எழுதும். விண்டோஸின் நேர மண்டலத்தை டோக்கியோவுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். என்டிஎஃப்எஸ் கோப்பின் மணி மூன்றரை மணி நேரம் முன்னே போனது, பென் டிரைவில் இருந்தது அசையவில்லை. ஒரே படத்தின் இரண்டு பிரதிகள்தான் அவை.

மணிச் சண்டையைத் தீர்க்க, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்ஈஸ்யுனிவர்சல்' மதிப்பை 1 ஆக்கலாம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இழுக்கவும் வழி உண்டு. நம்ம ஊரில் அதுவும் ஓடும். கோடைகால நேரம் உள்ள நாட்டிலோ ரெண்டு சிஸ்டமும் தனித்தனியே ஒரு மணி நேரத்தை மாற்றிவைக்கும்.