மின்னஞ்சல் இணைப்புகளும் சேமிப்பகப் பெருக்கமும்

மின்னஞ்சலுடன் படம், ஒலி முதலிய கோப்புகளை இணைத்தனுப்ப வழிசெய்த மைம் செந்தரம் 1992 இல் வெளியானது. நதானியேல் போரன்சுடைன், நெட் பிரீட் ஆகியோர் இதை வடிவமைத்தனர். அக்கால வழங்கிகள் பல வெறும் எழுத்துகளையே கடத்தவல்லவை. எனவே கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாற்றப்பட்டது. 9 மெகாபைட் கோப்பு அஞ்சலில் 12 மெகாபைட்டைத் தாண்டிவிடும்.

அதே கோப்பு 100 பேருக்குப் போனால்? 1996 இல் வந்த மைக்ரோசாப்ட் எக்சேஞ்சு வழங்கி, ஒரு தரவுத்தளத்திலுள்ள எல்லோருக்குமாக ஒரே படியை மட்டும் வைத்துக்கொண்டது. எக்சேஞ்சு 2010 பதிப்பில் இவ்வசதி முற்றிலும் கைவிடப்பட்டது. வட்டு மலிந்துவிட்டது, தரவை அடுத்தடுத்துப் படிக்கும் வேகமே முக்கியம் என்பது நிறுவனத்தின் வாதம். நியாயமான வாதந்தான். அஞ்சலின் உரை சுருக்கிச் சேமிக்கப்பட்டது. இணைப்புகளுக்கோ அச்சலுகை இல்லை. புதிய பதிப்புக்கு மாறிய நிருவாகிகள், அஞ்சல் எண்ணிக்கை கூடாமலே தரவுத்தளம் பெருப்பதைக் கண்டால், முதலில் பார்க்கவேண்டியிருந்தது பலருக்கு அனுப்பப்பட்ட பெரிய இணைப்புகளைத்தான்.