மூலையில் சுருண்டு நிற்கும் கோழி.. உடனே மாத்திரை கொடுக்கலாமா? வீட்டில் எதைப் பார்க்கலாம், எதற்கு டாக்டர் வேண்டும்?

'சீக்குக் கோழி மாதிரி ஏன் தூங்கி வழியுற?' என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் குறைவு. அந்தத் திட்டுக்குள் ஒரு துல்லியமான நோய்க்குறிப்பு இருக்கிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடி மூடித் திறந்தபடி ஒரு கோழி நின்றால், அதற்கு இன்று காலையில்தான் உடம்பு சரியில்லாமல் போனது என்று நினைக்க வேண்டாம். கோழி, மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பறவை. தன் பலவீனத்தை முடிந்தவரை மறைத்துக்கொள்ளும். நம் கண்ணில் படும்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் ஓடியிருக்கும்.

கொல்லையில் மேயும் ஏழெட்டுக் கோழி என்பது பல வீடுகளில் அந்த வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுப் பணம். முட்டை விற்றது, திருவிழாவுக்குச் சேவல் விற்றது எல்லாம் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியிராத காசு. கூண்டில் ஒரு நோய் புகுந்தால் ஒரே வாரத்தில் அது மொத்தமும் போய்விடும். சரி, கோழி சோர்ந்து நின்றால் முதலில் என்ன செய்யணும்?

மருந்துக்கு முன்னாடி மூணு வேலை

முதலில் பிரித்து வையுங்கள். பஞ்சாரம், அட்டைப்பெட்டி, பழைய கூடை எதுவானாலும் சரி. இதில் இரண்டு லாபம். நோயாக இருந்தால் மற்றவற்றுக்குப் பரவுவது குறையும். காயமாக இருந்தால் மற்ற கோழிகள் கொத்தாது. ரத்தச் சிவப்பைப் பார்த்தால் கோழிகள் அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கொத்தும். கூடவே வளர்ந்த கோழியைக்கூட விடாது.

அடுத்தது சூடு. சீக்குக் கோழி இறகைச் சிலிர்ப்பதே உடல் சூட்டைத் தக்கவைக்கத்தான். காற்று நேராக அடிக்காத இடம், கீழே சாக்கு அல்லது உமி, மேலே பாதி மூடிய துணி போதும். பெரிய கோழிக்கு பல்பு தேவையில்லை, குஞ்சுக்குத் தேவை.

மூன்றாவது தண்ணீர். இரண்டு வேளை தீனி எடுக்காவிட்டால்கூடத் தாங்கும், தண்ணீர் இல்லாமல் தாங்காது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பவுடரை பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கலந்து வைக்கலாம். வீட்டு உப்பைக் கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள், உப்பு கூடினால் கோழிக்கு அதுவே விஷம்.

தண்ணீர் கொடுக்கும் விதத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வாயைப் பிளந்து ஸ்பூனிலோ சிரிஞ்சிலோ ஊற்றுவது ஆபத்து. கோழியின் மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். 'மருந்து கொடுத்ததும் செத்துப்போச்சு' என்று சொல்லப்படும் சாவுகளில் சில இப்படி நேர்ந்தவையாகவும் இருக்கலாம். அலகின் நுனியைத் தண்ணீரில் லேசாக முக்கி எடுங்கள், அல்லது அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வைத்து அதுவாக விழுங்கும்வரை காத்திருங்கள்.

ஆளுக்குப் போடும் மாத்திரையில் கால் துண்டு? வேண்டாம். கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். நம் கையில் தொட்டால் எந்தக் கோழியும் 'கொதிக்கிற' மாதிரிதான் தெரியும். அதைக் காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமால் கொடுப்பதில் அர்த்தமில்லை.

எச்சம் என்ன சொல்லுது?

ஆரோக்கியமான கோழியின் எச்சம் பழுப்பு நிறத்தில் இருக்கும், மேலே வெள்ளைத் தொப்பி போட்டது போல் ஒரு பூச்சு இருக்கும். அந்த வெள்ளை, கோழியின் சிறுநீர். கோழிக்குத் தனியாகச் சிறுநீர் போவது கிடையாது. அதோடு, ஒரு நாளில் சில தடவை சாக்லேட் நிறத்தில், பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு ஒரு எச்சம் போகும். இதுவும் இயல்புதான், கழிச்சல் இல்லை. அடைக்கோழி எழுந்து வந்து பெரிய உருண்டையாகப் போடுவதும் அப்படியே.

பயப்பட வேண்டியது இரண்டு. குஞ்சுகள், அதுவும் மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை உள்ளவை, ரத்தம் கலந்து கழிந்தால் அது ரத்தக்கழிச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். குடலைத் தாக்கும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி இதற்குக் காரணம். ஈரமான தரையும் நனைந்த உமியும் அதற்குக் கொண்டாட்டம், அதனால்தான் மழைக்காலத்தில் அதிகம். நல்ல செய்தி, இதற்கு மருந்து இருக்கிறது. ஆம்புரோலியம் என்ற மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். அளவை கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் 'தெம்புக்கு' என்று பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். வைட்டமின் பி1 போலவே நடித்து ஒட்டுண்ணியை ஏமாற்றித்தான் இந்த மருந்து வேலை செய்கிறது, அசல் வைட்டமின் வந்தால் மருந்தின் வேலை குறைந்துவிடும். நனைந்த உமியை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

இரண்டாவது, வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர் போல் கழிவது. கூடவே வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்து திருகிக்கொள்வது, ஒரு இறக்கை தொங்குவது, ஒன்று மாற்றி ஒன்று சாவது. இதுதான் ஊர் பயப்படும் வெள்ளைக்கழிச்சல்.

வெள்ளைக்கழிச்சலுக்கு ஏன் மருந்து கிடையாது?

ராணிக்கெட் நோய் என்றும் இதற்குப் பெயர். உத்தராகண்டில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் 1920-களில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். வெளிநாடுகளில் நியூகாசில் நோய் என்பார்கள். இது வைரஸ். வந்த பிறகு கொல்லும் மருந்து எதுவும் இல்லை. தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் கிட்டத்தட்ட எல்லாக் கோழியும் போய்விடக்கூடும். கீழாநெல்லி, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுக்கும் வழக்கம் ஊர்களில் உண்டு. பசி எடுக்க அது உதவலாம், வைரஸை அது நிறுத்தும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக்கும் வைரஸிடம் செல்லாது. மேலே தொற்றும் பாக்டீரியாவுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்தால் சரி, நாமாகக் கடையில் வாங்கி ஊற்றக் கூடாது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்த மத்திய அரசு 2019-இல் தடையே போட்டது. மனிதனுக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்க வேண்டிய மருந்து அது.

ஆகவே வேலை முன்கூட்டியே நடக்கணும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரம் நெருங்கும்போது இன்னொரு முறை லசோட்டா சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் தோலில் ஊசி. இதுதான் பொதுவான அட்டவணை. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இருவார கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கோடை தொடங்கும் முன் கோழிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் கோழிக்கு ஊசி போடக் கூடாது.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. சொட்டு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கான அளவில் வரும், ஐஸில் வைத்து எடுத்து வரணும், கலக்கிய பிறகு ஓரிரு மணி நேரத்தில் தீர்க்கணும். ஆறு குஞ்சுக்கு யார் இவ்வளவு அலைவார்கள்? தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வதுதான் இதற்கு வழி. உங்கள் கோழி பக்கத்து வீட்டுக் குப்பையிலும் மேய்கிறது என்பதால் அவர்கள் கோழிக்குப் போடுவதும் உங்களுக்கு லாபமே. சந்தையில் வாங்கி வந்த புதுக் கோழியை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

அம்மை போட்டால்?

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புக் கறுப்பாகக் கொப்புளம் வந்தால் அது கோழி அம்மை. முக்கியமாகக் கொசு பரப்புகிறது. தோலில் மட்டும் வந்தால் பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். இதில் கோழி சாவது பல நேரம் அம்மையால் அல்ல, பசியால். கண் ஒட்டிக்கொள்வதால் தீனி தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் கண்ணைத் துடைத்து, கையால் தீனி காட்டினால் பிழைத்துக்கொள்ளும். வாய்க்குள் மஞ்சளாகப் படிந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டர்.

குஞ்சுக்கு எவ்வளவு சூடு?

தாய்க்கோழி இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ், அதன்பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவு குறைக்கலாம். தெர்மாமீட்டர் வேண்டாம், குஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர். சுவரோரம் ஓடி வாய் பிளந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. இப்போது வீடுகளில் உள்ள எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. பழைய குண்டு பல்பு தேடி வாங்கணும், துணியோ உமியோ அதில் படாதபடி கட்டணும்.

பொரித்த முதல் நாள் குஞ்சு தீனி எடுக்கவில்லை என்று பதற வேண்டாம், வயிற்றில் உள்ள மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் பிய்த்து இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் காய்ந்தபின் விடுங்கள். வழுக்கும் செய்தித்தாளில் விட்டால் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துகொள்ளும். முதல் சில நாட்களுக்குள் பார்த்துவிட்டால், இயல்பாக நிற்கும் இடைவெளி விட்டு இரண்டு காலையும் பேண்ட்-எய்டால் சேர்த்து ஒட்டி, சாக்கு மேல் விடுங்கள். சில நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நாய், கீரி, பருந்து.. காயம் பட்டால்

ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்துங்கள். பிறகு கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு சின்ன ஸ்பூன் உப்புக் கலந்து கழுவுங்கள். மேலே தடவ போவிடோன் அயோடினைத் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு நீர்த்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெய், டர்பன்டைன் வேண்டவே வேண்டாம். ஈ மொய்க்காமல் பார்ப்பதுதான் பாதி வைத்தியம், மறுநாளே புழு வைத்துவிடும். நாய் கடித்தது வெளியே சின்ன ஓட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே கிழிந்திருக்கும். பூனை கடித்தால் வாயிலுள்ள கிருமி வேகமாகப் பரவும். இந்த இரண்டுக்கும், தோல் பலூன் போல உப்பினாலும் கால்நடை மருந்தகம்தான்.

செதில் உள்ள காலில் எலும்பு முறிந்தால் ஐஸ்கிரீம் குச்சியை இருபுறமும் வைத்துப் பஞ்சு சுற்றி டேப் போடலாம், இரண்டு மூன்று வாரம் அசையாமல் இருக்கணும். இறக்கை தொங்கினால் இயல்பாக மடித்து உடம்போடு சேர்த்துக் கட்டலாம், ஆனால் நெஞ்சை இறுக்காதீர்கள். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் மூச்சே.

எப்போது கையே வைக்கக் கூடாது?

ஓரிரு நாளில் பல கோழிகள் திடீரெனச் செத்தால், கொண்டை நீலமாகி முகம் வீங்கியிருந்தால், வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்துங்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இந்தியாவில் இது முதலில் 2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. ஊர்களில் 'சாகறதுக்குள்ள அறுத்துடலாம்' என்று ஒரு பழக்கம் இருக்கிறது. பணம் வீணாகக் கூடாது என்ற நியாயம் புரிகிறது. ஆனால் நன்றாக வேகவைத்த கறியைவிட, சீக்குக் கோழியை அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுக்கும் அந்த வேலைதான் மனிதருக்குத் தொற்ற வழி. அதைச் செய்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது குழந்தைகள். பாதி விலைக்குச் சந்தையில் தள்ளுவதும் நோயை அடுத்த ஊருக்கு அனுப்புவதுதான்.

செத்த கோழியை ஏரியிலோ குப்பைமேட்டிலோ எறியக் கூடாது. இப்படிக் கூட்டமாகச் சாகும்போது புதைக்கும் முன்பே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், பரிசோதனைக்கு மாதிரி எடுப்பார்கள். ஒன்றிரண்டு சாதாரணமாகச் செத்தால் கையில் பாலித்தீன் பை மாட்டிக்கொண்டு, நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க கட்டணமில்லா எண் 1962. மாட்டுக்கு மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்து யோசிக்க வேண்டாம், கோழிக்கும் கேட்கலாம்.