தொடக்கப் பள்ளிகளில் ஆயுதக் காவல்: கூலாய் வட்டாரம்

பள்ளி நேரத்தில் துப்பாக்கி ஏந்திய காவலரை வளாகத்துக்குள்ளேயே நிலையாக நிறுத்தி வைப்பது ஆயுதக் காவல் எனப்படுகிறது. மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் இது வழக்கத்தில் இல்லை. ஆனால் பள்ளியில் கத்திக்குத்து, பிணைபிடிப்பு போன்ற செய்தி வரும்போதெல்லாம் இக்கோரிக்கை எழுவதும் சில வாரங்களில் அடங்குவதும் உண்டு. ஜொகூர் பாருவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கூலாய், இந்த விவாதத்தை ஆராய ஏற்ற இடம். 2008 வரை ஜொகூர் பாரு மாவட்டத்தின் பகுதியாக இருந்து, கூலாய் ஜெயா என்ற பெயரில் தனி மாவட்டமாகி, 2015-இல் மீண்டும் கூலாய் என்றே பெயர் பெற்ற இந்த வட்டாரம், பள்ளிக்கூடத்தைச் சுற்றித் துப்பாக்கிகள் இருந்த ஒரு காலத்தைக் கண்டிருக்கிறது. அந்தக் காலத்தின் பாடம் ஆயுதக் காவலுக்கு ஆதரவாக இல்லை.

வகைகள்

பள்ளிக் காவலைப் பற்றிப் பேசுவோர் பலவகைக் காவலரையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் விவாதம் தெளிவிழக்கிறது. முதல் வகை, ஜாகா என்று எல்லாரும் அழைக்கும் பாதுகாவலர். கல்வி அமைச்சின் குத்தகை பெற்ற தனியார் நிறுவனத்தின் ஊழியரான இவர், பெரும்பாலும் வயது முதிர்ந்தவர். கையில் துப்பாக்கி இராது. வருகைப் புத்தகத்தில் பெயர் எழுதச் சொல்வதும், அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வருகையாளர் அட்டையைக் கொடுப்பதும், பள்ளி விடும் நேரத்தில் வேன்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒழுங்குபடுத்துவதும் இவர் வேலை. இரண்டாம் வகை, வங்கிகளிலும் பண வண்டிகளிலும் காணப்படும் ஆயுதம் தாங்கிய தனியார் காவலர். இவ்விரு வகை நிறுவனங்களும் 1971-ஆம் ஆண்டின் தனியார் முகவாண்மைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெறுகின்றன. மூன்றாம் வகை, 1967-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தின்படி நியமிக்கப்படும் துணைப் போலீஸ். விமான நிலையம், துறைமுகம் போன்ற இடங்களில் பணியாற்றுவோர் இவர்கள். நான்காம் வகை, 1972-இல் தொடங்கப்பட்ட ரேலா தொண்டர் படை. ஐந்தாம் வகை, அரச மலேசியப் போலீஸ் படையின் முழுநேரக் காவலர். பள்ளிகளுக்கென நியமிக்கப்படும் போலீஸ் தொடர்பு அதிகாரி இந்த ஐந்தாம் வகையைச் சேர்ந்தவர்தான் என்றாலும், அவர் பள்ளியில் தங்கிக் காவல் காப்பதில்லை. வந்து பேசுகிறார், ஆலோசனை சொல்கிறார், சிக்கல் வந்தால் நிலையத்தோடு இணைக்கிறார். ஆயுதக் காவல் வேண்டும் என்போர் கேட்பது, ஐந்தாம் வகையினர் வந்து முதல் வகையினரின் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதையே. பயிற்சி, அதிகாரம், சட்டப் பொறுப்பு ஆகியவற்றில் இருவருக்கும் உள்ள இடைவெளி பெரிது. ஒருவரின் வேலையை மற்றவர் தலையில் கட்டினால் இரண்டு வேலையும் கெடும்.

அவசரகாலப் பின்னணி

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் ரப்பர்த் தோட்டங்களும் காடும் நெருங்கிக் கிடக்கும் கூலாய்ப் பகுதி, கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் தீவிரமாக இயங்கிய இடங்களில் ஒன்று. தோட்ட மேலாளர்களும் கிராணிகளும் சுடப்படலாம் என்ற அச்சம் நிலவியதால், அரசு ஆயிரக்கணக்கான ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்துத் தோட்டங்களில் நிறுத்தியது. 1950 ஜூனில் பிரிக்ஸ் திட்டம் ஜொகூரிலிருந்துதான் தொடங்கியது. காட்டோரத்தில் சிதறிக் குடியிருந்தோர் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். கூலாய், செனாய், சாலேங், கெலாப்பா சாவிட் ஆகியவற்றின் புதுக்கிராமங்கள் அந்தக் காலத்தில் உருவானவை. வாசலில் சோதனைச் சாவடி, மாலையில் ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு என்று வாழ்க்கை மாறியது. தோட்டத் தொழிலாளர் லயங்களும் பல இடங்களில் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன.

தோட்டத் தமிழ்ப்பள்ளி இந்தப் பின்னணியில் இருந்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி அமைக்க வேண்டும் என்றது. ஜொகூர்த் தோட்டங்களிலும் அந்த வழக்கம் வேரூன்றியது. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, சில பெஞ்சுகள், ஓர் ஆசிரியர் என்று நடந்த பள்ளி, அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்குள் தானாகவே அடங்கிவிட்டது. ஆகவே ‘அப்போது பள்ளிக்குத் துப்பாக்கிக் காவல் இருந்ததே’ என்ற வாதம் பாதிதான் உண்மை. காவல் தோட்டத்துக்கும் மேலாளர் பங்களாவுக்கும் ரப்பர் ஆலைக்கும் போடப்பட்டது. பள்ளி அதன் நிழலில் இருந்தது. மேலும் அது போர்க்காலம். எதிரி துப்பாக்கியோடு கூட்டமாக வந்தான். எதிர்கொள்ளவும் துப்பாக்கி தேவைப்பட்டது. 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிவுக்கு வந்தபின் தோட்டக் காவல் படிப்படியாகக் கலைந்தது. அப்போது பள்ளிக்கென்று தனியாக ஆயுதக் காவல் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததாகத் தெரியவில்லை என்பதே, அந்தக் காவல் எதற்காக இருந்தது என்பதற்குச் சான்று.

அதே காலம் இன்னொன்றையும் காட்டுகிறது. 1950 பிப்ரவரி 23 அன்று, மூவார் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையத்தை ஏறத்தாழ இருநூறு கெரில்லாக்கள் தாக்கி எரித்தனர். காவலர்களோடு நிலையக் குடியிருப்பில் வாழ்ந்த பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். ஆயுதம் இருந்தும் அந்த நிலையம் காப்பாற்றப்படவில்லை. தாக்குவோர் தேடி வந்ததில் ஆயுதமும் ஒன்று. குழந்தைகள் இருக்குமிடத்தில் ஆயுதத்தை வைத்தால் அவ்விடம் பாதுகாப்பாகும் என்ற எண்ணத்துக்கு ஜொகூர் வரலாற்றிலேயே இதைவிடக் கடுமையான மறுப்பு கிடையாது.

துப்பாக்கி கைமாறும் ஆபத்து

எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து அதே பாடம் கூலாய்க்கு மிக அருகில் திரும்ப வந்தது. 2024 மே 17 அன்று அதிகாலை, உலு திராம் போலீஸ் நிலையத்துக்குள் பாராங் கத்தியோடு நுழைந்த 21 வயது இளைஞர் ஒரு காவலரை வெட்டி வீழ்த்தி, அவரது துப்பாக்கியைப் பறித்து இன்னொரு காவலரைச் சுட்டார். இருவரும் உயிரிழந்தனர், மூன்றாமவர் காயமடைந்தார், தாக்கியவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பயிற்சி பெற்ற காவலர்கள், சொந்த நிலையத்துக்குள், ஒரு கத்தியிடம் துப்பாக்கியை இழக்க முடிந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஓடித் திரியும் பள்ளித் திடலில், தனியாக நிற்கும் ஒரு காவலருக்கு அது நேராது என்று எந்த நம்பிக்கையில் சொல்வது? ஆயுதம் ஏந்திய காவலரே ஆபத்தாக மாறியதும் உண்டு. 2013 அக்டோபரில் சூபாங் ஜெயாவில் ஒரு வங்கிக் கிளையில், அங்குக் காவலுக்கு இருந்த தனியார் காவலர் தன் துப்பாக்கியால் வங்கி அதிகாரியைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடினார். போலி அடையாள அட்டையில் அவர் வேலைக்குச் சேர்ந்திருந்தது பின்னர் தெரியவந்தது. தாய்லாந்தின் நோங் புவா லம்பு மாநிலத்தில் 2022 அக்டோபர் 6 அன்று ஒரு குழந்தைகள் காப்பகத்தில் நடந்த படுகொலையைச் செய்தவர், பணிநீக்கம் செய்யப்பட்ட முன்னாள் போலீஸ்காரர்.

மூவார், 2011

ஆயுதக் காவலை ஆதரிப்போர் எடுத்துவைக்கும் வலுவான உள்ளூர்ச் சான்று மூவார் பாலர் பள்ளிச் சம்பவம். 2011 ஜூலை 7 அன்று காலை, தாமான் சுங்கை அபோங்கில் இருந்த பாலர் பள்ளிக்குள் பாராங்கும் சுத்தியலும் கொண்டு நுழைந்த ஒருவர், 30 பிள்ளைகளையும் நான்கு ஆசிரியைகளையும் பிணை பிடித்தார். பல மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பின் போலீசார் உள்ளே பாய்ந்து அவரைச் சுட்டனர், பிள்ளைகள் மீட்கப்பட்டனர். துப்பாக்கிதானே காப்பாற்றியது என்று கேட்கலாம். ஆம். ஆனால் அந்தத் துப்பாக்கி பள்ளிக்குள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்ததல்ல. அது வெளியிலிருந்து, சிறப்புப் பயிற்சி பெற்ற குழுவின் கையில், பொறுமையான பேச்சுவார்த்தைக்குப் பிறகு வந்தது. வாசலில் ஒற்றைக் காவலர் இருந்து, உள்ளே நுழையும் மனிதரைச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நடுவே சுட நேர்ந்திருந்தால் முடிவு இப்படியே இருந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மூவார் நிரூபித்தது, போலீஸ் விரைந்து வருவதன் அவசியத்தையும், அந்நியர் தடையின்றி உள்ளே போக முடியாத வாசலின் அவசியத்தையும்தான்.

பிற நாடுகள்

துப்பாக்கி எளிதில் கிடைக்கும் அமெரிக்காவில்தான் பள்ளிப் போலீஸ் முறை பரவலாக வளர்ந்தது. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டதை அடுத்து, ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதப் போலீஸ் வேண்டும் என்று அங்குள்ள தேசியத் துப்பாக்கிச் சங்கம் கோரியது. விளைவு சாதகமாக இல்லை. 2018-இல் பார்க்லண்டில் 17 பேர் கொல்லப்பட்டபோது பள்ளியின் ஆயுதக் காவலர் கட்டடத்துக்கு வெளியிலேயே நின்றார். 2022 மே 24 அன்று யுவால்டியின் ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் மாண்டனர். அந்தப் பள்ளி மாவட்டத்துக்கென்றே தனிப் போலீஸ் இருந்தும், மொத்தம் 376 அதிகாரிகள் வந்து குவிந்தும், 77 நிமிடங்கள் வரை வகுப்பறைக்குள் எவரும் போகவில்லை. 1980 முதல் 2019 வரை நடந்த 133 பள்ளித் துப்பாக்கிச் சம்பவங்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் உயிரிழப்பு விகிதம் 2.83 மடங்கு அதிகமாக இருந்ததாகக் கண்டது. இது காவலர்தான் காரணம் என்று நிறுவுவதாகாது. காவலர் இருப்பது உயிர்களைக் காக்கிறது என்ற கூற்றுக்கு ஆதரவு இல்லை என்பதை மட்டும் காட்டுகிறது.

மலேசியாவுக்குப் பொருத்தமான ஒப்பீடு ஜப்பான். அங்கும் துப்பாக்கிச் சட்டம் கடுமை. பள்ளித் தாக்குதல் நடந்தால் கத்தியால் நடக்கும். 2001 ஜூன் 8 அன்று ஒசாகாவின் இக்கேடா தொடக்கப் பள்ளியில் ஒருவர் எட்டுக் குழந்தைகளைக் குத்திக் கொன்றார். அவர் திறந்து கிடந்த வாசல் வழியாக நடந்து வந்தார். எதிரே வந்த ஓர் ஆசிரியர், பெற்றோர் என்று நினைத்துத் தலையசைத்துவிட்டுக் கடந்து போனார். இந்த ஒரு கணத்தில்தான் எல்லாம் கைநழுவியது. ஜப்பான் எடுத்த நடவடிக்கைகளும் அந்தக் கணத்தைக் குறிவைத்தவையே: வாசலைப் பூட்டி வைத்தல், வருகையாளரை நிறுத்திக் கேட்டல், ஆசிரியர்களுக்கு ஒத்திகை, நெருங்காமல் ஆளை மடக்க நீண்ட கவைக் கம்பு. ஜப்பானியப் பள்ளிகளுக்குத் துப்பாக்கி போகவில்லை. பிரிட்டனும் 1996-இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டபின், பள்ளிகளுக்குத் துப்பாக்கி கொடுக்காமல் கைத்துப்பாக்கிகளைப் பொதுமக்களிடமிருந்து அகற்றியது. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டமும் அந்த வேலையை ஏற்கெனவே செய்திருக்கின்றன. துப்பாக்கியை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கும் நாடு, அதைத் தானே உள்ளே கொண்டுபோய் வைப்பதில் பொருளில்லை.

எதிர்வாதங்கள்

மூன்று மறுப்புகள் கவனத்துக்குரியவை. சீருடைக் காவலரைக் கண்டாலே குற்றவாளி பின்வாங்குவான் என்பது முதலாவது. திருட வருபவனுக்கு இது பொருந்தும். சாகத் துணிந்து வருபவனுக்குப் பொருந்தாது. பள்ளிகளைக் குலைநடுங்க வைக்கும் தாக்குதல்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையினர் செய்பவை. கூலாயின் தோட்டப்புறப் பள்ளிகள் போலீஸ் நிலையத்திலிருந்து தொலைவில் இருப்பதால் உதவி வரத் தாமதமாகும் என்பது இரண்டாவது; மூன்றிலும் வலுவானது இதுதான். செம்மண் பாதையில் செம்பனைத் தோப்புகளைத் தாண்டிச் செல்ல வேண்டிய பள்ளிக்கு ரோந்து வண்டி உடனே வந்துவிடாது. ஆனால் இதற்கான விடை, உள்ளிருந்து தாழிடக்கூடிய வகுப்பறைக் கதவு, நிலையத்தோடு நேரடித் தொடர்பு, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் ரோந்து ஆகியவை. நாட்டில் 7,700-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு இருவர் என்றாலும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட போலீசாரை வாசலில் உட்கார வைக்க வேண்டிவரும். அவர்கள் போய்விட்டால், தொலைவில் உள்ள பள்ளிக்கு விரைந்து வர வேண்டிய ரோந்து வண்டியை யார் ஓட்டுவது? பிள்ளைகளின் உயிருக்கு விலை பேசலாமா என்பது மூன்றாவது. பேசக்கூடாது என்பதால்தான், பலன் நிரூபிக்கப்படாத ஏற்பாட்டில் பணத்தையும் ஆளையும் முடக்கக்கூடாது. ஜாகாவுக்கு நல்ல சம்பளம், முறையான பயிற்சி, பின்னணிச் சோதனை, ஒரே ஆள் பன்னிரண்டு மணி நேரம் நிற்காத முறை ஆகியவற்றுக்கு அதில் சிறு பங்கு போதும்.

இன்றைய நிலை

2025 அக்டோபர் 14 அன்று பண்டார் உத்தாமாவில் ஓர் இடைநிலைப் பள்ளிக்குள் 16 வயது மாணவி குத்திக் கொல்லப்பட்டு, அதே பள்ளியின் 14 வயது மாணவர் கைதானதை அடுத்து, பள்ளிப் பாதுகாப்பு மீண்டும் நாடளாவிய பேச்சாகி, பைச் சோதனை, ரோந்து, மனநல ஆலோசகர் எண்ணிக்கை ஆகியவை விவாதிக்கப்பட்டன. சீருடை அணிந்து முறையாக உள்ளே வரும் மாணவரை வாசல் துப்பாக்கி தடுத்திருக்காது. கூலாய் மாவட்டத்தின் தமிழ், சீன, தேசியத் தொடக்கப் பள்ளிகளில் வாசற்காவல் இன்னும் ஜாகாவின் கையில்தான் இருக்கிறது. மாற்ற வேண்டியது அவருடைய பயிற்சியையும் சம்பளத்தையும்.