ஒயில் அழுத்தம் குறைந்தால் குற்றவாளி பெயாரிங்தானா?

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகிற மொரிஸ் மைனர், ஏ 40 கார்களில் பல, 1990களின் பொருளாதாரத் தடையைத் தாண்டி வந்தவை. சிறிதளவு பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வடிந்து எஞ்சின் ஒயிலில் கலந்து, ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அப்படி உழைத்த எஞ்சினில் இன்று ஒயில் லைற் எரிந்தால், "பெயாரிங் போச்சு, எஞ்சினை இறக்கவேணும்" என்பதே கராஜில் முதலில் கேட்கும் வார்த்தை. கார் ஒன்றையே நம்பி ஹயர் ஓடும் குடும்பத்துக்கு அது பெரிய அடி. சம்மதிக்க முன் பார்க்கவேண்டிய சிறிய உறுப்பு ஒன்று உண்டு: ஒயில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு.

எஞ்சின் வேகம் கூட, பம்ப் தள்ளும் ஒயிலும் கூடும். அழுத்தம் எல்லை மீறினால் இந்த வால்வு ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்து, மிகுதி ஒயிலை சம்புக்குத் திருப்பிவிடும். மேல் எல்லையைக் காப்பது மட்டுமே இதன் வேலை. குறைந்த அழுத்தத்தைக் கூட்ட இதனால் முடியாது.

லைற் எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஒயில் மட்டத்தைப் பாருங்கள். குச்சியை முகர்ந்தும் பாருங்கள். எரிபொருள் மணந்தால் முதலில் ஒயிலை மாற்றவேண்டும். அடுத்து, லைற் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்த மீற்றரைப் பூட்டுங்கள். சுவிட்ச் பழுதானாலும் லைற் எரியும்.

மொரிஸ் மைனர் 1000இல் சூடான எஞ்சின் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 60 இறாத்தலும், ஐட்லிங்கில் 15 இறாத்தலும் காட்டவேண்டும். காலைக் குளிரில், ஒயில் தடிப்பாக இருக்கும்போதே, வேகம் கூட்டியும் மீற்றர் ஏறாவிட்டால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். பம்ப்பும் சம்ப் வடியும் அடுத்த சந்தேகங்கள். குளிரில் நன்றாக இருந்து, சூடானதும் ஐட்லிங்கில் மட்டும் விழுந்தால் பெயாரிங் தேய்வையே நினைக்கவேண்டும். மாறாக, குளிரில் அளவுக்கு மீறி ஏறி, ஃபில்டர் ஓரத்தால் ஒயில் கசிந்தால் வால்வு மூடியபடி இறுகியிருக்கிறது.

மைனரில் வால்வு, பிளாக்கின் பின்பகுதியில் குமிழ்த்தலை நட்டுக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சினை இறக்காமலே கழற்றலாம். வால்வின் முகத்திலும் அது அமரும் இடத்திலும் கீறல், உலோகத்தூள், கசடு உண்டா என்று பாருங்கள். ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். கழுவிப் பூட்டியதும் அழுத்தம் திரும்பிவிடுவதும் உண்டு. உலோகத்தூள் கண்டால் நிம்மதி வேண்டாம், அது வேறெங்கோ தேய்ந்து வந்தது.

ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாசர் வைத்து மீற்றரை ஏற்றிக்காட்டும் பழக்கம் ஒன்று உண்டு. கார் விற்பவருக்கு உதவலாம், வாங்குபவருக்கு உதவாது. சூடான ஐட்லிங்கில் வால்வு எப்படியும் மூடியே இருப்பதால், அங்கே அந்த வாசரால் எதுவும் மாறாது.

பிற்கால யப்பான் கார்கள் பலவற்றில் வால்வு ஒயில் பம்புக்குள்ளேயே இருக்கிறது. சம்பையோ முன்மூடியையோ கழற்றாமல் கை எட்டாது. அங்கே குளிரிலும் சூட்டிலும் மீற்றர் காட்டியதை எழுதி எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள்.