எருமைத் தலையும் மனித உடலும்

ஒன்று வேறொன்றாக மாறுவதைக் குறிக்க ஐரோப்பியக் கலை நெடுங்காலம் வண்ணத்துப்பூச்சியை நாடியது. ரோமானியரின் கல் சவப்பெட்டிகளில், கிரேக்கத் தொன்மத்தின் புரோமித்தியசு வனைந்த மனிதனின் தலைமேல் தேவதை அத்தீனா உயிராக வைப்பது அதைத்தான். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களின் மலர்க்கொத்துகளில் அது உயிர்த்தெழுதலின் குறியாக வந்தமர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரக் கடற்கரையில் குன்றுகளைக் குடைந்த பல்லவச் சிற்பிகளோ, அடையாளப் பொருள் எதையும் தேடாமல் மாறும் உடலையே செதுக்க முனைந்தனர்.

மாமல்லபுரத்தின் மகிடாசுரமர்த்தினி மண்டபம் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரை, அதாவது பாறையைக் குடைந்தெடுத்த கோயில். அதன் வடபுறச் சுவரில் எட்டுக் கைகளுடன் சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை வளைக்கும் துர்க்கைத் தேவிக்கு எதிரே, எருமைத் தலையும் மனித உடலுமாக மகிடன் என்னும் அசுரன் நிற்கிறான். எருமை, சிங்கம், வாள்வீரன், யானை என்று போரின் நடுவே அவன் வடிவம் மாறிக்கொண்டே போவதாகத் தேவி மாகாத்மியம் என்னும் நூல் கூறும். இத்தனை மாற்றத்தையும் ஒரே சுவரில் எப்படிக் காட்டுவது? மத்தியப் பிரதேசத்து உதயகிரியில், 401ஆம் ஆண்டையொட்டிய குடைவரையில், அவன் முழு எருமையாகவே தேவியின் காலடியில் மிதிபடுகிறான். ஹொய்சளச் சிற்பங்களிலும் வங்கத்துத் துர்க்கை பூசை உருவங்களிலும் எருமையின் உடலிலிருந்து மனித வடிவில் வெளிப்படுகிறான். மாமல்லபுரத்துச் சிற்பி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைத் தேர்ந்தார். அரசனுக்குரிய குடை தலைக்குமேல் விரிந்திருக்க, தண்டாயுதத்தை இறுகப் பற்றியபடியே உடல் பின்வாங்கிச் சாய்வதால், அசுரன் வெறும் விலங்காகவோ வெறும் மனிதனாகவோ தோன்றாமல், தோல்வி இன்னும் முடிவாகாத வேந்தனாகத் தோன்றுகிறான். அதே ஊரின் வராக மண்டபத்தில் குள்ள வடிவம் விட்டு ஓங்கி நிற்கும் திரிவிக்கிரமனின் சிற்பமும் உருமாற்றத்தைப் பற்றியதே. ஆயினும் அங்கே மாற்றம் நிகழ்ந்து முடிந்துவிட்டது, இங்கேதான் அது இன்னும் இழுபறியில் இருக்கிறது.

இந்த இழுபறி பிற்காலத் தமிழகக் கோயிற்கலையில் நிலைக்கவில்லை. வெட்டுண்ட எருமைத் தலையின்மேல் தேவி நேராக நிற்கும் மற்றொரு வடிவத்தையும் பல்லவர் மாமல்லபுரத்திலேயே செதுக்கியிருந்தனர். சோழர் காலத்தில் சிவன் கோயில்களின் வடபுறக் கோட்டத்தில், அதாவது புறச்சுவரின் மாடத்தில், இடம்பெற்றது அந்த வடிவமே. வழிபாட்டுக்கு அசையாத தேவியே ஏற்றவள் என்று சோழர் கருதியிருக்கலாம். மகிடனின் மனித உடல் மறைந்து, பீடத்தளவுக்குச் சுருங்கிய தலை மட்டும் எஞ்சியது.