இனிப்பு வேறு, பானம் வேறு: வரலாறு தரும் ஒரு படிப்பினை



நோன்பு திறக்கும் விரிப்பிலும், திருமண விருந்திலும், விருந்தினர் வந்த வீட்டிலும் இன்று தவறாமல் இடம்பெறுவது வண்ணக் குளிர்பானம். "அது இல்லாவிட்டால் உபசரிப்பே இல்லை" என்னும் நிலைக்கு வந்துவிட்டோம். மறுபுறம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என்று மதிப்பிட்டது. இந்நோய்க்குக் காரணங்கள் பல. எனினும், சர்க்கரை கரைத்த பானங்களை நாள்தோறும் அருந்துவது அவற்றுள் முக்கியமான ஒன்று என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை.

நம் முன்னோர்களும் இனிப்பை விரும்பியவர்களே. 'சர்பத்' என்ற பெயரே 'குடித்தல்' என்று பொருள்படும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்ததுதான். அப்படியானால் அவர்களுக்கும் நமக்கும் இடையே மாறியது என்ன? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

நபிகளாரின் காலத்தில்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அன்றாடப் பானங்கள் தண்ணீரும் பாலும். குளிர்ந்த, இனிப்பான பானம் அவர்களுக்கு விருப்பமாக இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீயில் அறிவிப்பு உண்டு. ஆகவே இனிப்புப் பானம் விலக்கப்பட்டதன்று. பேரீச்சம் பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் 'நபீத்' என்ற பானத்தையும் அவர்கள் அருந்தியுள்ளார்கள். காலையில் ஊறவைத்ததை மாலையிலும், இரவில் ஊறவைத்ததைக் காலையிலும் அருந்துவார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படும் செய்தி. பழம் ஊறிய அளவே அதன் இனிப்பு.

நோன்பு திறக்கும் முறையையும் எண்ணிப் பாருங்கள். கனிந்த பேரீச்சம் பழம், அது இல்லையேல் உலர்ந்த பேரீச்சம் பழம், அதுவும் இல்லையேல் தண்ணீர். இனிப்பு உண்ணப்பட்டது, தாகம் தண்ணீரால் தணிக்கப்பட்டது. இந்த ஒழுங்கை மனத்தில் இருத்திக்கொள்வோம். பின்வரும் வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் வரும்.

மருந்தும் விருந்துமாக இருந்த சர்க்கரை

கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலை இந்திய மண்ணில் தோன்றியது. 'சர்க்கரா' என்ற வடசொல்லே பாரசீகத்தில் 'ஷகர்' என்றும் அரபியில் 'ஸுக்கர்' என்றும் ஆகி, பின்னர் ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்தது. நம் தமிழில் வழங்கும் 'சர்க்கரை'யும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. முஸ்லிம்கள் கரும்பை எகிப்து, சிசிலி, ஸ்பெயின் வரை கொண்டுசென்று பயிரிட்டார்கள்.

ஆயினும், அக்காலத்தில் சர்க்கரையின் இடம் மருந்துக் கடையும் அரண்மனை விருந்தும்தான். கசப்பான மூலிகைச் சாறு கெடாமல் இருக்கவும், நோயாளி முகம் சுளிக்காமல் அருந்தவும் மருத்துவர்கள் அதைச் சர்க்கரைப் பாகில் கலந்தார்கள். அந்த 'ஷராப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான் இன்று நாம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'சிரப்'. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லியில் ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் அவர்கள் உருவாக்கிய 'ரூஹ் அஃப்ஸா'வும் கோடை வெப்பத்தைத் தணிக்கும் யூனானி மருந்தாகவே பிறந்தது.

பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ் ஹிஜ்ரி 440-இல் (கி.பி. 1049) கெய்ரோவில் ஃபாத்திமிய மன்னரின் பெருநாள் விருந்து மண்டபத்தைக் கண்டார். அங்கே ஓர் ஆரஞ்சு மரம், கிளையும் இலையும் கனியும் உட்பட முழுவதும் சர்க்கரையால் செய்து வைக்கப்பட்டிருந்ததை வியந்து எழுதியுள்ளார். கண்காட்சியாக வைத்துப் பார்க்கும் அளவுக்குச் சர்க்கரை அரிய பொருளாக இருந்தது. அரிதாக இருந்ததால் அளவும் தானாகவே அமைந்தது.

கஹ்வா கண்ட ஒழுங்கு

ஹிஜ்ரி 9-ஆம் நூற்றாண்டில் (கி.பி. 15-ஆம் நூற்றாண்டு) யமன் நாட்டு ஸூஃபியாக்களிடையே காப்பி பரவியது. இரவு வணக்கத்தில் உறக்கம் மேலிடாதிருக்கவே அவர்கள் அதை அருந்தினர். கெய்ரோ அல்-அஸ்ஹரில் தங்கியிருந்த யமனியர், பெரிய மண் பாத்திரத்திலிருந்து சிறு அகப்பையால் மொண்டு, வலப்புறமாகக் கைமாற்றி, திக்ரு செய்தபடி அருந்திய காட்சியை அப்துல் காதிர் அல்-ஜஸீரீ என்ற அறிஞர் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

புதிய பானத்துக்கு எதிர்ப்பும் எழுந்தது. 1511-இல் மக்காவில் முஹ்தஸிப் பொறுப்பிலிருந்த காயிர் பேக், அறிஞர்களைக் கூட்டி, மருத்துவர் இருவரைச் சாட்சியாக நிறுத்தி, காப்பியைத் தடைசெய்தார். ஆனால் கெய்ரோவிலிருந்த மம்லூக் சுல்தானின் ஆணை, கூடும் இடங்களில் நிகழும் தவறான செயல்களைக் கண்டித்ததேயன்றிப் பானத்தையே விலக்கவில்லை. தடை விரைவில் நீங்கியது. குடிக்கும் பொருள் என்ன, அது உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து கேட்ட சமுதாயம் அது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அரபு நாடுகளில் இன்றும் மரபான கஹ்வா, ஏலக்காய் மணக்க, சர்க்கரை சேர்க்காமல், கைப்பிடியற்ற சிறு கிண்ணத்தில் வழங்கப்படுகிறது. அருகில் பேரீச்சம் பழம் இருக்கும். இந்த உபசரிப்பை 2015-இல் யுனெஸ்கோ அமைப்பு மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. பழம் இனிப்பு; பானம் கசப்பு. நோன்பு திறப்பில் கண்ட அதே ஒழுங்கு!

மலிவின் விலை

இந்த ஒழுங்கு எப்போது குலைந்தது? சர்க்கரை மலிவானபோது. 16-ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியர் பிரேசிலிலும் கரீபியத் தீவுகளிலும் கரும்புத் தோட்டங்களை அமைத்தனர். அவற்றில் உழைக்க ஆப்பிரிக்க மக்கள் இலட்சக்கணக்கில் விலங்கிடப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் கலிமாச் சொன்ன முஸ்லிம்களும் இருந்தனர். அடிமை முறை ஒழிந்த பின் அந்தச் சுமை இந்தியர் தோளில் ஏறியது. 1834 முதல் மொரீஷியஸுக்கும், 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் தொடங்கித் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் சென்றது கரும்பு வெட்டத்தான். மன்னர் மண்டபத்தில் மரமாக நின்ற சர்க்கரை, ஏழையின் கோப்பைக்குள் கரண்டி கரண்டியாக விழுந்ததற்குப் பின்னால் இத்தனை மனிதரின் வியர்வையும் இரத்தமும் உள்ளன.

வளர்ந்துகொண்டே போன புட்டி

1886-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளர் உருவாக்கிய கோக்கோ-கோலாவும் முதலில் ஊக்கம் தரும் மருந்துப் பானமாகவே மருந்துக் கடையில் கோப்பைக் கணக்கில் விற்றது. 1916-இல் வந்த அதன் புகழ்பெற்ற கண்ணாடிப் புட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 190 மில்லிலிட்டர். 1950-களில் பெரிய புட்டிகள் வந்தன; இன்றோ 2 லிட்டர் புட்டி நம் விரிப்பின் நடுவே நிற்கிறது.

330 மில்லிலிட்டர் கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை, அதாவது 7 தேக்கரண்டி இருக்கிறது. தனியாகச் சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 5 விழுக்காட்டுக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் நிறுத்தினால் மேலும் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. ஒரே ஒரு குவளையில் அந்த எல்லை கடந்துவிடுகிறது. 7 தேக்கரண்டி சீனியை ஒருவர் வாயில் அள்ளிப் போட்டால் திகட்டிவிடும். நீரில் கரைந்து, குளிர்ந்து வந்தால் திகட்டுவதுமில்லை; வயிறு நிறைவதுமில்லை.

அரசுகளும் விழித்துக்கொண்டன. இலங்கை 2016-இல் பானங்களின் மீது சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. சவூதி அரேபியா 2017-இல் குளிர்பானங்களுக்கு 50 விழுக்காடும், ஊக்க பானங்களுக்கு 100 விழுக்காடும் வரி விதித்தது.

தேநீரும் தப்பவில்லை

"சரி, குளிர்பானத்தை விட்டுத் தேநீருக்கு மாறிவிடுகிறோம்" என்று சிலர் கூறலாம். நல்ல முடிவு, ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், கிரிமியப் போர்க் காலத்தில், ஆங்கில வணிகர் சீனத்துப் பச்சைத் தேயிலையை மொரோக்கோவில் இறக்கினர். புதினாவும் சர்க்கரையும் கலந்து அது அந்நாட்டின் அன்றாடப் பானமாயிற்று. பாகு போன்ற இனிப்பும் அதனுடன் நிலைத்தது. நம் நாட்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேயிலை நிறுவனங்கள் இரயில் நிலையங்களிலும் ஆலைகளிலும் விளம்பரம் செய்து தேநீரைப் பரப்பின. நாம் அதைப் பாலும் சீனியும் கலந்தே பழகினோம். ஒரு குவளைக்கு 2 தேக்கரண்டி வீதம் நாளுக்கு 5 குவளை அருந்துபவர் 50 கிராம் சர்க்கரையைக் குடிக்கிறார். கோலாவை விட்டதாக அவர் மகிழ்வதில் பொருளில்லை.

வழி காட்டும் மரபுகளும் நம்மிடம் உண்டு. இலங்கையில் சாயத் தேநீரைச் சீனியின்றி ஊற்றி, ஒரு சிறு துண்டுப் பனைவெல்லத்தையோ கித்துள் வெல்லத்தையோ கடித்துக்கொண்டு பருகுவார்கள். மலபார் மக்களின் 'சுலைமானி' பாலில்லாத தேநீரில் எலுமிச்சை பிழிந்தது. அதில் சீனியைக் குறைத்தாலும் சுவை குன்றாது.

நாம் செய்யக்கூடியவை

அன்புச் சகோதரர்களே! தேநீரில் சீனியை வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். இரத்தச் சோகை உள்ளவர்கள் உணவுடன் சேர்த்துத் தேநீர் அருந்த வேண்டாம். உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதை அது குறைக்கும். நோன்பு திறக்கும் விரிப்பில் பேரீச்சம் பழமும் தண்ணீரும் கஞ்சியும் இருக்கட்டும், மோரும் நல்லதே. சர்பத்தைப் பெருநாளுக்கும் திருமணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதை விட, பெரியவர்கள் செய்து காட்டுவதே பயன் தரும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கு, ஒரு பகுதி பானத்துக்கு, ஒரு பகுதி மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் அளவு வகுத்துத் தந்தார்கள். அந்த அளவைக் காக்க நம் முன்னோருக்குச் சர்க்கரையின் அருமையே துணை நின்றது. இன்று சர்க்கரை மலிந்து கிடக்கிறது. எனவே அளவை நாமேதான் காக்க வேண்டும். உடல் நமக்கு ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை உணர்ந்து வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.